களஞ்சியம் நிறைந்திருந்தும்



மணிமேகலையை இயற்றிய சாத்தனாருக்கு ஒரு தொழில் இருந்தது. அந்தக் காப்பியத்தின் பதிகமே அவரைக் கூலவாணிகன் என்று அறிமுகம் செய்கிறது. அதாவது தானிய வியாபாரி. பசியை மையமாக வைத்துத் தமிழில் எழுந்த பெருங்காப்பியம் அது ஒன்றுதான். அதை எழுதியவர் தானியக் கடைக்காரர் என்பதைப் போகிற போக்கில் படித்துவிட்டு நாம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். என்னால் அப்படிப் போக முடியவில்லை. உள்ளே மூட்டைகள் அடுக்கியிருக்கும். வாசலில் ஒருவர் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். காசு வைத்திருப்பவர் அளந்து வாங்குவார், இல்லாதவர் வாங்க மாட்டார். கல்லாவில் உட்கார்ந்த எவரும் இந்தக் காட்சிக்குத் தப்பியிருக்க முடியாது. அப்படி உட்கார்ந்த ஒருவர்தான் எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி என்ற பாத்திரத்தை நமக்குக் கொடுத்திருக்கிறார்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரே ஒரு கேள்வி. ஊரில் தானியம் இருக்கும்போதே மனிதர்கள் ஏன் பட்டினி கிடக்கிறார்கள்? பொருளாதாரம் என்றால் பட்ஜெட், பங்குச் சந்தை, வளர்ச்சி விகிதம் என்று நினைத்து வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்த இயலின் வேர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

சாத்தனாரின் கதையில் அமுதசுரபி முதலில் காப்பிய நாயகி மணிமேகலையின் கைக்கு வரவில்லை. ஆபுத்திரன் கைக்குத்தான் வருகிறது. ஊரால் விரட்டப்பட்டு, மதுரைக்கு வந்து, பிச்சையெடுத்து, தனக்கு முன்னே குருடரையும் முடவரையும் உண்ணவைத்து மிச்சத்தைத் தின்றவன் அவன். சிந்தாதேவி என்ற பெண்தெய்வம் அவனுக்கு அந்தப் பாத்திரத்தைக் கொடுக்கிறாள். பிறகு நடப்பதைக் கவனியுங்கள். இந்திரன் பாண்டிய நாட்டில் மழையைக் கொட்டச் செய்கிறான். நிலம் விளைகிறது. விளைந்ததும் ஆபுத்திரனிடம் சோறு கேட்டு ஒருவரும் வருவதில்லை. ஊர் ஊராக, வீடு வீடாகப் போய் ‘உண்பவர் யாராவது உண்டா’ என்று அவன் தேடித் திரிகிறான், கேட்பாரில்லை. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறுகிறான். வழியில் மணிபல்லவத்தில் அவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. ஆளில்லாத தீவில் அந்தப் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் போட்டுவிட்டு உண்ணாமல் உயிர் விடுகிறான்.

இலவசமாகச் சோறு கிடைக்கிறது என்பதற்காக, வீட்டில் அடுப்பு எரிபவர்கள் வரிசையில் வந்து நிற்கவில்லை. இதைச் சாத்தனார் விவாதமாகச் சொல்லவில்லை, சம்பவமாகச் சொல்கிறார். ‘இலவசம் கொடுத்தால் ஜனங்கள் சோம்பேறி ஆகிவிடுவார்கள்’ என்று தேநீர்க் கடையிலும் தொலைக்காட்சியிலும் நாம் கேட்கும் வாதத்துக்கு நேர் எதிரான ஒரு மனித இயல்பை அந்தத் தானிய வியாபாரி நம்பியிருக்கிறார். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு நேர் மாறாக நம்பிய ஒருவர் 1877இல் சென்னைக்கு வந்தார். அவரிடம் போவதற்கு முன் விலையைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும்.

விலை ஓர் அற்புதமான ஏற்பாடு. இதை நான் மனமாரச் சொல்கிறேன். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது உங்களுக்கு நினைவிருக்கும். யாரும் சட்டம் போடவில்லை, யாரும் ஒலிபெருக்கியில் அறிவிக்கவில்லை. ஆனாலும் ரசத்தில் புளி கூடியது, சட்னி தேங்காய்க்கு மாறியது, ஓட்டலில் தக்காளி சாதம் காணாமல் போனது. அதே விலையைக் கேள்விப்பட்ட விவசாயிகள் அடுத்த போகத்துக்குத் தக்காளி நாற்று விட்டார்கள். ஒருவரை ஒருவர் அறியாத லட்சக்கணக்கானவர்களை ஓர் எண் இப்படி நடத்திச் செல்கிறது. அது தவறியும் போகும். எல்லோரும் ஒரே நேரத்தில் நட்டதால் செப்டம்பரில் விலை விழுந்தது. பறிகூலிக்குக் கூடக் கட்டாமல் பழத்தைச் சாலையோரம் கொட்டியவர்கள் இருந்தார்கள். ஆனால் பெரும்பாலான நாட்களில், பெரும்பாலான பொருள்களுக்கு, விலை செய்கிற வேலையை எந்த அதிகாரியாலும் செய்ய முடியாது.

அந்த ஜூலையில் தமிழக அரசு சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. அப்போது ஒரு கேள்வி எழுந்தது: தக்காளி இல்லாமல் சமைக்க முடியாதா, இதற்கு அரசு எதற்கு? தக்காளிக்கு அந்தக் கேள்வி நியாயமே. தக்காளி இல்லாமல் ஒரு மாதம் ஓட்டலாம். அரிசி இல்லாமல் ஒரு வாரம் ஓட்ட முடியாது. விலை ஏறும்போது ‘குறைத்து வாங்கு, மாற்று தேடு’ என்று அது நமக்குச் சொல்கிறது. கடைசி மாற்றும் தீர்ந்துபோனவருக்கு அது சொல்வது என்ன? சாப்பிடாதே என்பதுதான். பசியுள்ளவர் கடை வாசலில் எவ்வளவு நேரம் நின்றாலும் அதனால் விலை ஒரு பைசா ஏறாது. அவருடைய தேவை சந்தையின் கணக்கில் பதிவாவதே இல்லை. பணத்தோடு வரும் தேவை மட்டும்தான் பதிவாகும். இந்த ஓர் உண்மையைப் புரிந்துகொள்ள மறுத்ததற்கு நம் மண் கொடுத்த விலை மிகப் பெரியது.

தாது வருஷத்துப் பஞ்சத்தை உங்களில் சிலர் பாட்டிமார் வாய்மொழியாகக் கேட்டிருப்பீர்கள். 1876இல் மழை பொய்த்தது. மறுவருடமும் சரியாக இல்லை. சென்னை மாகாணம், மைசூர், ஹைதராபாத், பம்பாய் மாகாணத்தின் தெற்குப் பகுதிகள் என்று தக்காணம் முழுவதும் காய்ந்தது. 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில் ஐம்பது லட்சம் பேருக்கு மேல் இறந்தார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. பெல்லாரி, கடப்பை, கர்நூல், சேலம், கோயம்புத்தூர் என்று மாவட்டம் மாவட்டமாகச் சனங்கள் வற்றிப்போனார்கள். டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த புகைப்படங்களில் அவர்கள் இன்றும் நம்மைப் பார்க்கிறார்கள். விலா எலும்புகளை எண்ணிவிடலாம்.

தானியமே இல்லையா? மழை தவறிய இடங்களில் விளைச்சல் இல்லை என்பது உண்மை. ஆனால் வங்காளத்திலும் பர்மாவிலும் அரிசி இருந்தது. கப்பல்கள் சென்னைக்கு அரிசி கொண்டுவந்தன, ரயில் அதை உள்நாட்டுக்குக் கொண்டுபோனது. அதே ஆண்டுகளில் இந்தியத் துறைமுகங்களிலிருந்து கோதுமை இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டும் இருந்தது. இங்கே விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஏறியது. கூலி ஏறவில்லை. ஏறுவது இருக்கட்டும், வயல் வேலையே இல்லை. உழவு இல்லாததால் கொல்லருக்கும் தச்சருக்கும் வேலை இல்லை. சோற்றுக்கே வழியில்லாதவர் வேட்டி வாங்குவாரா? நெசவாளியின் தறி நின்றது. மாட்டை விற்கலாம் என்றால் எல்லோரும் மாட்டை விற்கிறார்கள்; மாட்டு விலை தரைக்கு வந்துவிட்டது. நெல் விலை ஏறவும் தன் கையிலிருப்பதன் விலை எல்லாம் இறங்கவும், இரண்டுக்கும் நடுவே மனிதர் நசுங்கினார். நிலவரி மட்டும் வசூலானபடி இருந்தது. யானை தானே வயலில் புகுந்து மேய்ந்தால் தின்பதைவிடக் காலில் மிதிபட்டு அழிவதே அதிகம் என்று பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு எடுத்துச்சொன்ன பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. வரி வாங்கும் முறை பற்றி அதைவிடத் தெளிவாக எவரும் எழுதியதில்லை. கோட்டையில் இருந்த ஆங்கில ஆட்சியாளர்களுக்கு அதைப் படித்துச் சொல்ல ஆள் இல்லை.

அவர்கள் படித்தது வேறு நூல். 1776இல் வந்த ஆடம் ஸ்மித்தின் ‘நாடுகளின் செல்வம்’. அதில் தானிய வணிகத்தைப் பற்றி ஒரு நீண்ட பகுதி உண்டு. தட்டுப்பாடு பஞ்சமாக முற்றுவதற்குக் காரணம் அரசு அவசரப்பட்டு விலையில் கை வைப்பதுதான் என்பது அவர் வாதம். விலை ஏறினால் வியாபாரி எங்கிருந்தாவது தானியம் கொண்டுவருவான், மக்களும் சிக்கனமாக உண்பார்கள். ஸ்மித் ஐரோப்பாவின் சந்தைகளைப் பார்த்து எழுதினார். அவர் மனிதாபிமானம் இல்லாதவர் அல்லர். ஆனால் அந்தப் பகுதி இந்தியாவில் வேதமாகிவிட்டது. அயர்லாந்தில் 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது நிவாரணத்தை இறுக்கிப் பிடித்த சார்லஸ் டிரவெலியன் 1859இல் சென்னை கவர்னராகவே வந்து அமர்ந்தார். ஒரே சிந்தனை கடல் கடந்து கடல் கடந்து அதிகாரம் செய்தது.

1876இன் இறுதியில் சென்னை அரசு ஒரு காரியம் செய்தது. கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் நிர்வாகம் 30,000 டன் தானியத்தைச் சத்தமில்லாமல் வாங்கிவைத்தது. வைஸ்ராய் லிட்டனின் அரசு இதைக் கண்டித்தது. தனியார் வணிகத்தில் தலையிடக் கூடாது என்றது. 1877 ஜனவரி 1 அன்று டில்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் நடந்தது. அதே மாதம் ரிச்சர்ட் டெம்பிள் பஞ்சத் தூதராகச் சென்னைக்கு வந்தார்.

டெம்பிளின் கதை ஆழ்ந்து யோசிக்க வேண்டியது. மூன்றாண்டுகளுக்கு முன், 1873-74இல் வங்காளத்திலும் பீகாரிலும் மழை தவறியபோது இதே டெம்பிள் பர்மாவிலிருந்து அரிசி இறக்கித் தாராளமாகக் கொடுத்தார். சாவு மிகக் குறைவு. அதற்காக அவரைப் பாராட்டவில்லை. அரசுப் பணத்தை வாரி இறைத்தவர் என்று ஏசினார்கள். வடு ஆறாத அந்த மனிதர் இந்த முறை தன் கெட்ட பெயரைத் துடைக்க வந்தார். நிவாரணம் கேட்டு வருபவர் உண்மையிலேயே ஏழையா என்று கண்டுபிடிக்க ஒரு வழி வகுத்தார்: நிவாரணத்தைக் கசப்பாக்கிவிடு. வேலை வீட்டிலிருந்து வெகுதூரத்தில் இருக்கட்டும். கல் உடைக்கட்டும், மண் சுமக்கட்டும். கூலி, நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் மேலே சில்லறையும். ஒரு பவுண்டு என்பது 450 கிராம். வளர்ந்த ஆணுக்கு, நாள் முழுக்க மண் வெட்டுகிறவருக்கு. சிறைக் கைதிக்குக் கொடுத்த உணவுகூட அதைவிட அதிகம். மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதை வன்மையாக எதிர்த்தார். எலும்பும் தோலுமாகிவரும் தொழிலாளர்களைக் காட்டி எழுதினார். ‘மெட்ராஸ் டைம்ஸ்’ ஆசிரியர் வில்லியம் டிக்பி எதிர்த்தார். 1878இல் அந்தப் பஞ்சத்தின் முழு வரலாற்றை இரண்டு தொகுதிகளாக எழுதி வைத்தவரும் அவரே. சில மாதங்களில் சென்னை அரசு கூலியை உயர்த்தியது. அதற்குள் உடல் தேய்ந்தவர்களைக் காலராவும் பேதியும் கொண்டுபோயின.

சாத்தனாரும் டெம்பிளும் ஒரே கேள்வியைத்தான் எதிர்கொண்டார்கள்: தேவையில்லாதவர் வந்து வாங்கிக்கொண்டால் என்ன செய்வது? சாத்தனார், கொடுத்துக்கொண்டே இரு, தேவை தீர்ந்தவர் தானே வராமல் போவார் என்றார். டெம்பிள், வாங்குவதையே தண்டனையாக்கு, தாங்க முடியாதவர் தானே ஓடிப்போவார் என்றார். ஓடிப்போனவர்களில் தேவையில்லாதவர் எத்தனை பேர், நடக்கத் திராணி இல்லாதவர் எத்தனை பேர் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. கூட்டம் குறைந்தது, கோப்பில் அது வெற்றியாகப் பதிவானது. இன்றைக்கும் ஒரு நலத்திட்டத்தில் பயனாளிகள் எண்ணிக்கை குறைந்தால் அதைச் சேமிப்பு என்று அறிவிக்கும் அதிகாரிகள் இருக்கிறார்கள். எண்ணிக்கை குறைந்ததைக் கேட்டதும் நாம் முதலில் கேட்க வேண்டியது, விலகியவர்கள் யார், அவர்கள் இப்போது எங்கே சாப்பிடுகிறார்கள் என்பதைத்தான்.

சென்னைவாசிகளுக்கு ஒரு செய்தி. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாயின் துண்டு, அந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பறக்கும் ரயிலின் தூண்கள் இன்று அதற்குள்தான் நிற்கின்றன. கவர்னர் பெயர் கால்வாயில் நிலைத்தது. வெட்டியவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.

அந்த நாட்களில் கொடுத்தவர்களும் இருந்தார்கள். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்து ஓய்வு பெற்ற வேதநாயகம் பிள்ளை தன் கைப்பொருளைக் கொண்டு கஞ்சி வார்த்தார். அதைக் கண்டு நெகிழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அவர்மேல் கீர்த்தனை பாடினார். மதுரையில் குஞ்சரம் என்ற தாசி தன் சொத்தையெல்லாம் விற்றுக் கஞ்சித்தொட்டி நடத்தினார் என்று அந்த ஊரில் வழிவழியாகச் சொல்கிறார்கள். பஞ்சத்துக்குப் பத்தாண்டு முன்பே, 1867இல், வள்ளலார் வடலூரில் ஏற்றிய அடுப்பு இன்றும் அணையவில்லை. இவர்களை நினைத்தால் என் நெஞ்சு நிறைகிறது. ஆனால் தர்மத்துக்கு ஓர் எல்லை உண்டு. கொடுப்பவரின் கை ஓய்ந்தால் நின்றுவிடும். வாங்குபவருக்கு ‘ஏன் நிறுத்தினாய்’ என்று கேட்கும் பாத்தியதை கிடையாது.

பாத்தியதை என்றேன். இந்தக் கேள்விக்குள் ஆழமாக இறங்கியவர் அமர்த்திய சென். 1943இல் வங்காளத்தில் பஞ்சம் வந்தபோது அவருக்கு வயது பத்துக்குக் கீழே, சாந்திநிகேதனில் இருந்தார். எலும்புக்கூடுகளாக வந்தவர்களைக் கண்ணால் கண்டவர். அந்தப் பஞ்சத்தில் இருபது முதல் முப்பது லட்சம் பேர் இறந்தார்கள். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து, 1981இல், ‘வறுமையும் பஞ்சங்களும்’ என்ற நூலில் பழைய கணக்குகளை அவர் தோண்டி எடுத்தார். 1943இல் வங்காளத்தில் கிடைத்த தானியம் அதற்கு முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட ஐந்து சதவீதம் அளவுக்கே குறைவு. 1941ஐவிட அதிகம். 1941இல் பஞ்சம் இல்லை!

பின் எப்படி? போர். ஜப்பான் பர்மாவைப் பிடித்ததால் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. எதிரி கைக்குப் போய்விடும் என்று கிழக்கு வங்காளக் கரையில் படகுகளை அரசே பறித்து அழித்தது. 1942 அக்டோபரில் புயல் மேதினிபூரை அடித்தது. கல்கத்தாவிலோ ராணுவச் செலவால் பணம் புரண்டது. ஆலைத் தொழிலாளிக்கும் அரசு ஊழியருக்கும் சலுகை விலையில் அரிசி கிடைத்தது. அரிசி விலை எகிறியது. கிராமத்தில் விவசாயக் கூலியின் கையில் இருந்த கூலி அப்படியே இருந்தது. சொந்த நிலத்தில் விளைவித்தவன் தப்பித்தான். பங்குக்கு உழுது பாதி நெல் வாங்கியவனும் ஓரளவு தப்பித்தான். செத்தவர்கள் யார்? நாள்கூலி வாங்கியவர்கள், மீனவர்கள், முடி திருத்துபவர்கள். முடி திருத்துபவரை நினைத்துப் பாருங்கள். அவர் கத்தி மழுங்கவில்லை, கையில் வித்தை குறையவில்லை. ஆனால் சோற்றுக்குத் திண்டாடும் ஊரில் யார் முடி வெட்டிக்கொள்வார்கள்? நேற்று நாலு தலைக்குக் கிடைத்த அரிசி இன்று நாற்பது தலைக்கும் கிடைக்காது. நாற்பது தலையும் வராது. நம் தாது வருஷத்து நெசவாளியும் அவரும் ஒரே குழியில் விழுந்தவர்கள். கல்கத்தாவின் நடைபாதையில், அரிசி நிறைந்த கடைகளுக்கு முன்னால், அவர்கள் விழுந்து செத்தார்கள்.

ஆகவே, ஊரில் எவ்வளவு நெல் இருக்கிறது என்று கேட்பது பாதிக் கேள்வி. அந்த நெல்லின் மேல் யாருக்கு, எதன் வழியாகப் பாத்தியதை இருக்கிறது? நிலத்தின் வழியா, கூலியின் வழியா, உறவின் வழியா, அரசு கொடுத்த அட்டையின் வழியா? எந்த வழி எப்போது அறுந்துபோகும்? ஒரு குடும்பத்தின் பொருளாதாரம் முழுவதும் இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும்.

நம் மக்கள் இதைப் புத்தகம் இல்லாமலே அறிந்து வைத்திருக்கிறார்கள். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து நடக்கும். கல்யாணமோ காதுகுத்தோ வேண்டியதில்லை. மொய்க்காகவே கறி விருந்து. நோட்டில் பெயரெழுதிப் பணம் வாங்குவார்கள். தான் முன்பு வாங்கியதைத் திருப்பிச் செய்வதைப் பழைய நடை என்பார்கள்; மேற்கொண்டு வைப்பது புது நடை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் ஒருவருக்கு முறை வரும். வந்தால் ஒரே நாளில் மொத்தப் பணம்: ஆழ்குழாய்க் கிணறு போடலாம், பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கலாம். வட்டி இல்லை, பத்திரம் இல்லை, வங்கி மேலாளரின் அறை வாசலில் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அந்த நோட்டு ஒரு பாத்தியதைப் புத்தகம். ஏலச்சீட்டும் அப்படியே. அவசரக்காரர் தள்ளிக் கேட்டு முதலில் எடுக்கிறார். பொறுத்திருப்பவருக்குக் கழிவு சேர்கிறது. அவசரத்துக்கும் பொறுமைக்கும் இடையில் ஒரு விலையை இருபது பேர் ஒரு திண்ணையில் உட்கார்ந்து தாங்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

இந்த வளையத்துக்குள் வராதவர் எங்கே போவார்? தள்ளுவண்டிக்காரரும் பூக்காரம்மாவும் தண்டல்காரரிடம் போகிறார்கள். 10,000 கடன் என்று எழுதி, ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு 9,000 கையில் தருவார். நாளுக்கு நூறு, நூறு நாள். கேட்பதற்குச் சின்னத் தொகை. ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், சராசரியாகக் கடன் வாங்கியவர் கையில் இருந்தது பாதித் தொகைதான். ஆண்டுக் கணக்கில் வட்டி எண்பது சதவீதத்தை ஒட்டிவிடும். இதை அறியாமை என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் ஒப்பமாட்டேன். அந்த அம்மாவுக்குக் கணக்கு நன்றாகவே தெரியும். விடிகாலை நாலு மணிக்குப் பூச்சந்தையில் பணம் வேண்டும். அந்த நேரத்தில் திறந்திருக்கும் கடை அது ஒன்றுதான். 2003இல் தமிழகத்தில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. சட்டத்தால் மிரட்டலைத் தண்டிக்கலாம். விடிகாலை நாலு மணிக்குப் பணம் கொடுக்கும் இன்னொரு இடத்தை உண்டாக்காமல் அந்தத் தேவையை ஒழிக்க முடியாது.

மொய்யையும் சீட்டையும் நான் மெச்சுகிறேன். அவற்றின் எல்லையும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் மற்ற வீடுகள் தாங்கும். எல்லா வீட்டுக்கும் ஒரே இரவில் அடி விழுந்தால்? 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் கரையைக் கடந்தது. அதே பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் லட்சக்கணக்கான தென்னைகள் வேரோடு சாய்ந்தன. நட்ட கன்று காய்க்கப் பல வருடம் ஆகும். கொடுக்க வேண்டியவரும் வாங்க வேண்டியவரும் ஒரே நாளில் கையேந்தும் நிலைக்கு வந்தார்கள். மழை பொய்த்தாலும் இதுவே கதை. ஊருக்குள் ஒருவரை ஒருவர் தாங்கும் ஏற்பாடு, ஊரே சாயும்போது நிற்காது. ஊரைவிடப் பெரிய ஒன்று வேண்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மொய் நோட்டில் பெயர் ஏற, முதலில் வைப்பதற்குப் பணம் வேண்டும். நிலமற்ற கூலிக் குடும்பத்துக்கும், துணையின்றித் தனித்து வாழும் பெண்ணுக்கும் அந்த வளையத்தில் இடம் கிடைப்பது அரிது.

அந்தப் பெரிய ஏற்பாட்டைத் தமிழகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியது. 1920இல் நீதிக்கட்சியின் பொறுப்பில் இருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுத்தது. 1950களில் காமராஜர் அதை மாநிலம் முழுக்கப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார். 1967 தேர்தலில் அரிசித் தட்டுப்பாடு ஆட்சியையே மாற்றியது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று வென்ற கட்சி தந்த வாக்குறுதி, சென்னையிலும் கோவையிலும் ஒரு படியாகவாவது நிறைவேறியது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது பொருளாதாரம் தெரிந்தவர்கள் பலர் இது கட்டாது என்றார்கள். 1997இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என்று பிரித்தது. தமிழகம் அப்படிப் பிரிக்க மறுத்து எல்லோருக்கும் என்றே வைத்துக்கொண்டது. 2011 ஜூனில் அரிசி அட்டைக்கு இருபது கிலோ வரை இலவசமாயிற்று.

எல்லோருக்கும் எதற்கு என்ற கேள்விக்கு இங்கே நான் ஆபுத்திரனைத்தான் அழைப்பேன். ரேஷன் அரிசி வாங்காமல் சர்க்கரை அட்டையோடு நிற்பவர்கள், அட்டை இருந்தும் அரிசிக்குப் போகாதவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களை எவரும் சோதித்துத் தள்ளவில்லை. சிலர் வாங்கி இட்லிக் கடைக்கு விற்கிறார்கள் என்பதும், கேரள எல்லையில் மூட்டைகள் பிடிபடுகின்றன என்பதும் உண்மை; அது கசிவு, அதை அடைக்க வேண்டும். ஆனால் கோடு போட்டுப் பிரித்தால் வேறொரு கசிவு வருகிறது. இந்த ஆண்டு கோட்டுக்கு மேலே இருப்பவர், குடும்பத் தலைவருக்குப் பக்கவாதம் வந்தால் அடுத்த மாதமே கீழே விழுவார். கணக்கெடுப்பு அடுத்த மாதம் வராது. ஏழை ஒருவர் விடுபடுவதும் வசதியானவர் ஒருவர் சேர்ந்துவிடுவதும் இரண்டுமே தவறு என்றாலும், இரண்டின் எடையும் ஒன்றல்ல. ஒன்றில் அரசுக்கு இருபது கிலோ அரிசி நஷ்டம். மற்றதில் ஒரு குழந்தையின் வளர்ச்சி போகிறது.

கடைசியாக 2020ஐச் சொல்லி முடிக்கிறேன். மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு ஊரடங்கை அறிவித்தார்கள். நாலு மணி நேரத்தில் நாடே நின்றது. அப்போது இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் விதிப்படி இருக்க வேண்டிய இருப்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் அரிசியும் கோதுமையும் இருந்தன. அதே நாட்களில் டில்லியிலிருந்தும் சூரத்திலிருந்தும் மும்பையிலிருந்தும் தொழிலாளர்கள் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு ஊருக்கு நடந்தார்கள். நம் திருப்பூரிலும் சென்னைக் கட்டுமான இடங்களிலும் பீகார்க்காரர்களும் ஒடிசாக்காரர்களும் சோற்றுக்குக் காத்திருந்தார்கள். அவர்களுக்கு அட்டை இருந்தது, சொந்த ஊரில். கூலி நின்றதும் இங்கே அவர்களுக்கு எந்த வழியிலும் நெல்லின் மேல் பாத்தியதை இல்லாமல் போயிற்று. அந்த ஆண்டு அக்டோபரில் தமிழகம் ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ திட்டத்தில் சேர்ந்தது. வெளிமாநில அட்டைக்கும் இங்கே அரிசி கிடைக்கும் என்பது விதியானது.

ஆகவே இந்தக் கூட்டத்தில் இருக்கும் இளைஞர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் தெருவில் கட்டடம் எழும்பும் இடத்தில், ஓட்டல் சமையலறையில், பனியன் கம்பெனி விடுதியில் வடக்கிலிருந்து வந்தவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் கேளுங்கள்: இங்கே உள்ள ரேஷன் கடையில் உங்கள் அட்டைக்கு அரிசி கிடைக்கும் என்று தெரியுமா, ஒருமுறையாவது போய் வாங்கியிருக்கிறீர்களா, கைரேகை விழாமல் திருப்பி அனுப்பினார்களா? பத்துப் பேரிடம் கேட்டு எழுதுங்கள். கடைக்காரரிடம் காட்டுங்கள், வட்ட வழங்கல் அலுவலகத்தில் கொடுங்கள். தேவைப்பட்டால் அவர்களுடன் நீங்களும் வரிசையில் போய் நில்லுங்கள்.